கழுவிவிட்டு வந்த கால்

பெரிய வியாழன் மாலை. பூசைக்கு இன்னும் நேரமிருந்தது. கோவிலுக்குப் பின்னால் குழாயடியில் ஒருவர் குத்தவைத்துக் கால் கழுவிக்கொண்டிருந்தார். தேங்காய் நாரில் சோப்பைக் குழைத்து, குதிகால் வெடிப்புகளுக்குள் போகும்படி அழுத்தித் தேய்த்தார். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்தார். தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பாதம் கழுவும் சடங்குக்காகப் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களிலிருந்து தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். சற்று நேரத்தில் பங்குச் சாமியார் மண்டியிட்டுக் கழுவப்போகிற கால் அது. “என்ன அண்ணாச்சி, இப்பமே கழுவுதிய?” என்று கேட்டேன். நிமிராமலேயே பதில் சொன்னார்: “சாமி கை படும்லா சார்.”

சடங்கு முறைப்படி நடந்தது. சாமியார் பூசை மேலுடையைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டார். செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றி, துடைத்து, அடுத்தவரிடம் நகர்ந்தார். அவர் முறை வந்தபோது, தேய்த்துத் தேய்த்து வெளுத்துப்போயிருந்த அந்தக் குதிகால்தான் என் கண்ணில் பட்டது. பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுக்கிற வேலை அவருக்கு. அவரைப் பற்றி இதற்கு மேல் இங்கே தேவையில்லை. ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. கழுவப்படுவதற்காக வருகிற ஒருவர் ஏன் கழுவிவிட்டு வர வேண்டும்?

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சடங்குக்கு வருகிற கால்கள் எல்லாமே கழுவிய கால்கள்தான். அன்று வரிசையில் இருந்த மற்ற பதினொரு பேரும் குளித்து, சலவை வேட்டி கட்டித்தான் வந்திருந்தார்கள். அழுக்குக் காலோடு பீடத்தின் முன் யாரும் உட்காருவதில்லை. உண்மைதான். ஆனால் அவர்கள் பெரிய நாளுக்காகக் குளித்தார்கள், கோவிலுக்காகக் குளித்தார்கள். இவர் இன்னொருவருடைய கைக்காகக் கழுவினார். தன் கால் பட்டு ஒரு கை கெட்டுவிடுமோ என்ற நினைப்பு மற்றவர்களில் ஒருவருக்கும் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நினைப்பை ஒரு மனிதருக்குள் வைத்தது யார்? எங்கள் மறைக்கல்வியா, எங்கள் தெருவா, இரண்டும் சேர்ந்தா?

யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மற்ற மூன்று நற்செய்திகளும் கடைசி இராவுணவில் அப்பத்தையும் கிண்ணத்தையும் சொல்கின்றன. யோவான் மட்டும் அந்த இடத்தில் தண்ணீரையும் துண்டையும் வைக்கிறார். கால் கழுவுவது அந்தக் காலத்தில் அடிமையின் வேலை. எபிரேய அடிமையை அந்த வேலைக்கு ஏவக் கூடாது என்று பழைய யூத விளக்கங்களில் ஒரு கருத்துகூட உண்டு. ஒவ்வொரு சமூகமும் கடைசி வேலை என்று ஒன்றை ஒதுக்கி, அதைச் செய்ய வெளியிலிருந்து ஒருவரைத் தேடிக்கொள்கிறது போலும். அந்தக் கடைசி வேலையைத்தான் இயேசு செய்தார். அதனால்தான் பேதுரு திடுக்கிட்டார், முடியாது என்றார். பிறகு, கழுவாவிட்டால் தனக்கு அவரோடு பங்கில்லை என்று தெரிந்ததும், காலோடு நிறுத்தாமல் கையையும் தலையையும் சேர்த்துக் கழுவச் சொன்னார். பேதுரு மீனவர், புழுதியில் நடந்து வந்தவர். மேலே இருக்க வேண்டியவர் கீழே வருகிறாரே என்பதுதான் அவருடைய கலக்கம். ‘இதோ, காலைத் தேய்த்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்று அவர் எழுந்து ஓடவில்லை.

யாருடைய கால்களைக் கழுவலாம் என்பதில் திருச்சபை தன் வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கித்தான் வந்திருக்கிறது. நீண்ட காலம் ஆண்களின் கால்கள் மட்டுமே என்று விதி இருந்தது. 2013 மார்ச் 28 அன்று, பதவியேற்று சில நாட்களே ஆன பிரான்சிஸ் திருத்தந்தை, ரோமில் கசால் தெல் மார்மோ என்ற இளங்குற்றவாளிகள் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். அவர்களில் இருவர் பெண்கள், அந்த இருவரில் ஒருவர் முஸ்லிம். 2016 ஜனவரியில் விதியே மாறியது. இப்போது பெண்களும் இளையவர்களும் முதியவர்களும் அந்த வரிசையில் உட்காரலாம். இது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் எந்தக் கால் வரலாம் என்று சொல்லத்தான் விதியால் முடிகிறது. அந்தக் கால் என்ன நினைப்போடு வந்து சேர்கிறது என்பதை எந்த விதியும் தொடுவதில்லை.

குழாயடியில் பார்த்த அந்தக் காலில் அன்றாடம் ஒட்டுகிற அழுக்கைப் பற்றியும் பேச வேண்டும். அது அவருடையதில்லை, எங்கள் தெருவுடையது. என் வீட்டுக் குழாயிலிருந்து போவதும் அதில் இருக்கிறது. மலம் அள்ளும் வேலைக்கு மனிதரை வைப்பதற்கு 1993-இல் ஒரு சட்டம் தடை போட்டது. 2013-இல் வந்த இன்னொரு சட்டம் கழிவுநீர்த் தொட்டிகளையும் சாக்கடைகளையும் சேர்த்துக்கொண்டது, பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்குவதைக் குற்றமாக்கியது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 அன்று அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதான் பொருள். கண்ணியத்தோடு வாழும் உரிமையை அந்த 2013 சட்டம் தன் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. எழுதியது குழிவரை இறங்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பிரசங்கம் சொல்வது மிக எளிது. பிறர் அழுக்கைச் சுமப்பவர் கிறிஸ்துவுக்கு ஒப்பானவர், உலகின் பாவத்தைச் சுமந்தவரின் சாயல் அவரில் தெரிகிறது என்று சொல்லிவிடலாம். கேட்பவர்களின் கண் கலங்கும். எனக்கு அந்தப் பேச்சில் பயம் உண்டு. கிறிஸ்து தன் உயிரைத் தானே கொடுத்தார், யாரும் அதைத் தன்னிடமிருந்து பறிக்கவில்லை என்றும் சொன்னார். சாக்கடைக்குள் இறங்குகிறவருக்கு அந்த விருப்பம் எப்போது கிடைத்தது? அப்பா இறங்கினார், அதனால் மகன் இறங்குகிறார். திணிக்கப்பட்ட சுமையைத் தியாகம் என்று புகழ்வது, சுமை இறங்காதபடி மேலிருந்து ஒரு கையை வைத்து அழுத்துவதுதான். சிலுவையை இப்படிப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் மறைக்கல்வியா என்று கேட்டேனே, சிறுவயதில் போன புதுநன்மை வகுப்பு நினைவுக்கு வருகிறது. சிஸ்டர் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு உள்ளே வெள்ளையாகத் தீட்டுவார். அதுதான் ஆத்துமம். பிறகு விரலைத் தண்ணீரில் நனைத்து அங்கங்கே தொடுவார். தொட்ட இடம் கறுப்பாகும். அற்பப் பாவத்துக்குச் சின்னப் புள்ளி, சாவான பாவத்துக்கு முழு வட்டமும் போய்விடும். ஞானஸ்நானத்துக்கு முன்னால் வட்டம் வெள்ளையாகவே இருக்காது, ஜென்மப் பாவம் அதை மூடியிருக்கும் என்றார். என்னுடைய வட்டம் எந்த நிறத்தில் இருக்கும் என்று இரவில் யோசித்துப் படுத்திருக்கிறேன். கடவுள் மனிதனைத் தன் சாயலில் உண்டாக்கி, பார்த்து, மிக நன்றாயிருக்கக் கண்டார் என்பது தொடக்க நூலின் முதல் அதிகாரம். விலக்கப்பட்ட கனி அதற்குப் பிறகு வருவது. எங்கள் வகுப்பு கனியிலிருந்து தொடங்கியது. முதல் அதிகாரத்தை நாங்கள் விட்டுவிட்டதை வளர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எடுப்புக் கக்கூஸ்தான். பின்பக்கச் சந்து வழியாக ஒருவர் வாளியும் தகரமுமாக வருவார். வெயில் ஏறிய பிறகு தண்ணீர் கேட்பார். ஆச்சி செம்பை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் நின்று உயரத்திலிருந்து ஊற்றுவாள். அவர் குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார். குனியும்போது அவர் கழுத்திலிருந்து கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம் வெளியே வந்து தொங்கும். ஆச்சியின் கழுத்திலும் மாதா சுரூபம் உண்டு. ஆச்சி நல்லவள். செபமாலை சொல்லாமல் படுத்ததில்லை. பசித்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதில்லை. சனிக்கிழமை மாலை தலை முழுகி, வெள்ளைச் சேலை கட்டி, முக்காடிட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். அங்கே என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆத்தும சோதனைக்காக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகள் தெரியும். பொய் சொன்னாயா, கோபப்பட்டாயா, வெள்ளிக்கிழமை மாமிசம் தின்றாயா, ஞாயிறு பூசைக்குத் தவறினாயா. தண்ணீரை எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினாய் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தக் கேள்வி இல்லாமல் போனது எங்கள் வீட்டில் மட்டுமில்லை. வடக்கன்குளம் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒன்று. 1745-இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டவர் அவர். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியதும் அவர்மேல் பகை வளரக் காரணமானது என்பார்கள். அதே ஊரில் 1872-இல் எழுந்த பெரிய கோவிலுக்கு இரண்டு மண்டபங்கள், இடையே ஒரு தடுப்பு. இரண்டும் சாய்ந்து வந்து ஒரே பீடத்தில் சேரும். ஒரு மண்டபத்தில் இருப்பவர் மற்ற மண்டபத்தில் இருப்பவரைப் பார்க்காமலே ஒரே பூசையைக் காணலாம். சாதிக்கு ஒரு மண்டபம். 1910-இல் சேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தத் தடுப்பு விழுந்தது. விழுந்ததை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். தடுப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள் சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள்தானே என்று நினைத்துப் பார்க்கிறேன். தனித்தனிப் பாவங்களை எல்லாம் சொல்லி முடித்து, பாவத்தின்மேலேயே உட்கார்ந்து பூசை கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பாவம் என்று நாம் கற்றுக்கொண்டது யாருடைய பாவம்? புனித அகுஸ்தீன் தன் வாழ்க்கையை எழுதியபோது பதினாறு வயதில் பேரிக்காய் திருடியதைப் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசிக்காகத் திருடவில்லை, வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது. தவறு செய்யும் இன்பத்துக்காகவே செய்ததாக எண்ணி நடுங்குகிறார். மனித மனத்தின் ஆழத்தில் ஏதோ கோணியிருக்கிறது, அதை மனிதன் தானாக நிமிர்த்த முடியாது, அருள்தான் முதலில் வர வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்து சேர்கிறார். அவருக்கு எதிரே பெலாஜியுஸ் என்ற துறவி நின்றார். நல்லதைத் தேர்ந்தெடுக்கும் வலிமையைக் கடவுள் மனிதனுக்குக் கொடுத்திருக்கிறார், அதை மறுப்பது படைத்தவரைக் குறைசொல்வதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் போதனையை நிராகரித்தது. நான் அகுஸ்தீன் பக்கம்தான். ஆனால் பெலாஜியுஸ் காக்க நினைத்தது மனிதனின் மதிப்பை என்பதை மறக்க முடியவில்லை. குழாயடியில் நடந்ததை இந்த இருவரிடமும் காட்டினால் என்ன சொல்வார்கள்? அருள் வருமுன் தன்னைத் தானே தூய்மைப்படுத்தப் பார்த்தார் என்று அகுஸ்தீன் வருந்தலாம். தன் பங்கைச் செய்தார் என்று பெலாஜியுஸ் மகிழலாம். இரண்டு பேருமே அந்தப் பதிலின் வலியைத் தொடமாட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. பேரிக்காய் திருடியவருக்கு நல்ல வீடு இருந்தது.

இளம் வயதில் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ படித்தேன். பெரும்பகுதி மறந்துவிட்டது. மர்மெலாதோவ் என்ற குடிகாரர் மதுக்கடையில் பேசுகிற இடம் மட்டும் தங்கியிருக்கிறது. கடைசி நாளில் கடவுள் குடிகாரர்களையும் வெட்கங்கெட்டவர்களையும்கூட உள்ளே அழைப்பார், அவர்களில் ஒருவரும் தன்னைத் தகுதியுள்ளவராக எண்ணாததால் அழைப்பார் என்று அவர் கனவு காண்கிறார். அன்று அதைப் படித்து அழுதேன். இன்று அந்த இடம் என்னை அமைதியாக விடுவதில்லை. தன்னைத் தகுதியற்றவராக எண்ணுவது மீட்பின் வாசல் என்றால், பிறந்த நாளிலிருந்தே அப்படி எண்ணப் பழக்கப்பட்டவர்கள் அந்த வாசலில்தான் இத்தனை காலம் நிற்கிறார்களா? 1960-இல் அமெரிக்க இறையியலாளர் வலரி செய்விங் எழுதிய கட்டுரை ஒன்றைப் பின்னால் அறிந்தேன். ஆணவம்தான் பாவத்தின் வேர் என்று இறையியல் சொல்லி வந்திருக்கிறது, அது ஆண்களின் அனுபவத்திலிருந்து பிறந்த பார்வை, பல பெண்களின் சோதனை தன்னை உயர்த்துவதில் இல்லை, தன்னையே இல்லாமல் ஆக்கிக்கொள்வதில் இருக்கிறது என்று அவர் வாதிட்டார். பெண்களைப் பற்றி அவர் சொன்னதைக் குனிந்து தண்ணீர் குடித்தவருக்கும் பொருத்திப் பார்க்கலாம். தாழ்ந்துபோ என்ற உபதேசம் நின்றுகொண்டிருப்பவருக்கு மருந்து. ஏற்கெனவே தரையில் கிடப்பவருக்கு அது இன்னொரு மிதி.

திருச்சபை இதை அறியாமல் இல்லை. 2018-இல் மறைக்கல்வி ஏட்டில் மரண தண்டனை பற்றிய பத்தி திருத்தப்பட்டபோது, மிகக் கொடிய குற்றம் செய்தவரும் மனித மாண்பை இழப்பதில்லை என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மனித மாண்பு பற்றி 2024 ஏப்ரலில் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை இன்னும் தெளிவாகப் பிரித்துப் பேசுகிறது. ஒருவர் தன் செயலால் தன் மாண்புக்குத் தகாதவராக நடக்கலாம். சமூகம் அவரை மாண்புக்குத் தகாத நிலையில் வைக்கலாம். ஆனால் மனிதராக இருப்பதாலேயே உள்ள மாண்பை எதனாலும் அழிக்க முடியாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, ஒரே பானையில் சமைத்து எல்லோரும் சேர்ந்து உண்பதையே இறையாட்சியின் அடையாளமாக வைத்து, நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டை அமைத்தார். ஏட்டில் உள்ளதை அவர் அடுப்படிக்குக் கொண்டுவந்தார். ஒரே பானையில் உண்ணும்போது செம்பை உயரத்தில் பிடிக்க இடமில்லை.

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே போனால், பாவத்தைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிடலாமே, மாண்பை மட்டும் பேசலாமே என்று தோன்றத்தான் செய்கிறது. அப்படிச் செய்ய முடியவில்லை. பாவம் என்ற ஒன்று இல்லாவிட்டால் வடக்கன்குளத்துத் தடுப்பை நான் எந்தப் பெயரால் அழைப்பது? பழக்கவழக்கம் என்றா? ஆச்சியின் செம்பை, அந்தக் காலம் அப்படி என்று சொல்லி மூடிவிடுவதா? அவளை நான் நேசிப்பதால்தான் அப்படி மூட மனம் வரவில்லை. அது பாவம் என்றால்தான் மன்னிப்பு உண்டு, அவளுக்கு மீட்பும் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. சாக்கடையில் இறங்குகிறவரைப் பாதிக்கப்பட்டவராக மட்டுமே பார்ப்பதும் அவரைக் குறைப்பதுதான். அவரும் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கிறார். அவருக்கும் கோபம் உண்டு, பொய் உண்டு, வீட்டில் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய நாட்களும் இருக்கலாம். ‘நான் செய்தேன், என் பிழை’ என்று சொல்லும் உரிமை, தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று நிமிர்ந்து நிற்கிற மனிதருக்கு உரியது. அதை அவரிடமிருந்து இரக்கத்தின் பெயரால் பிடுங்க எனக்கு என்ன அதிகாரம்? அவருடைய பாவம் அவருடையதாக இருக்கட்டும். எங்கள் பாவத்தை அவர் காலிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டும் ஒரே தோலில் ஒட்டிக் கிடப்பதால்தான் இத்தனை குழப்பம்.

யூதாசிடம் வந்து நிற்கிறேன். யோவான் சொல்கிற வரிசைப்படி, இயேசு கால்களைக் கழுவி முடித்து, மறுபடி பந்தியில் அமர்ந்து, அப்பத் துண்டைத் தோய்த்துக் கொடுத்த பிறகுதான் யூதாஸ் எழுந்து இருளுக்குள் போகிறான். அப்படியானால் அவன் காலும் கழுவப்பட்டது. காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தே இயேசு அவன் முன்னாலும் மண்டியிட்டிருக்கிறார். இதைவிடப் பெரிய செய்தி நற்செய்தியில் எனக்குத் தெரியவில்லை. மனந்திரும்பியதற்குப் பரிசாக அந்தக் கழுவுதல் வரவில்லை. தகுதி பார்த்தும் வரவில்லை. மாண்பு மன்னிப்புக்கும் முந்தியது என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதே நிகழ்ச்சி இன்னொன்றையும் சொல்கிறது. கழுவப்பட்ட கால்தான் எழுந்து நடந்து போய்க் காட்டிக்கொடுத்தது. மாண்பு அளிக்கப்பட்டதாலேயே ஒருவன் மீண்டுவிடுவதில்லை. அதன் பிறகு ஏதோ ஒன்று நடக்க வேண்டும். பேதுருவிடம் அது நடந்தது. மறுதலித்தார், வெளியே போய் அழுதார், திரும்பி வந்தார். யூதாசும் வருந்தினான், வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தான் என்று மத்தேயு சொல்கிறார். திரும்பி வருவதற்குத்தான் அவனால் முடியவில்லை. தனக்கு இனி இடமில்லை என்று அவன் முடிவு செய்துவிட்டானோ என்னவோ.

ஊதாரி மகன் உவமையிலும் தகுதியின் பேச்சு வருகிறது. பன்றிகளோடு கிடந்த மகன் வீடு திரும்பும் முன்னால் ஒரு பேச்சைத் தயார் செய்துகொள்கிறான். பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியில்லை, கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது அந்தப் பேச்சு. வீட்டை அடைந்து சொல்லத் தொடங்குகிறான். பாவம் செய்தேன் என்பதைத் தந்தை கேட்கிறார். தகுதியில்லை என்பதையும் கேட்கிறார். கூலியாளாக வைத்துக்கொள்ளும் என்ற கடைசிப் பகுதி வெளியே வருவதே இல்லை. அதற்குள் தந்தை ஆட்களைக் கூப்பிட்டு, நல்ல உடை கொண்டுவரச் சொல்கிறார், விரலில் மோதிரம், காலில் செருப்பு. மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வைக்கப்பட்ட மக்கள் இருந்த மண்ணில், அந்தச் செருப்பைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். பாவ அறிக்கையைத் தந்தை நிறுத்தவில்லை. தன்னைக் கூலியாளாக்கிக்கொள்ளும் வாக்கியத்தைத்தான் நிறுத்தினார். ஒருவேளை இதுதான் நான் தேடுகிற கோடாக இருக்கலாம். பாவி என்று சொல்லிக்கொள்ளலாம், கூலியாள் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கோட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோனால் அது எங்கே விழுகிறது என்று பார்க்கத் தெரியவில்லை. நான் இதுவரை அவர் பதிலில் வெட்கத்தை மட்டுமே கேட்டிருக்கிறேன். அதில் வேறொன்றும் இருந்திருக்கலாம். தன் தொழிலின் சுவடு கோவிலுக்குள் வர வேண்டாம், ஏழு நாளும் தன்னைச் சுற்றியிருக்கிற நாற்றம் இந்த ஒரு மாலையில் தன் அடையாளமாக இருக்க வேண்டாம் என்று அவர் தீர்மானித்திருக்கலாம். அப்படியென்றால் அந்தத் தேய்ப்பு தாழ்வு மனப்பான்மையிலிருந்து வந்ததில்லை. தன் மாண்பைத் தானே எடுத்து உடுத்திக்கொள்கிற செயல் அது. அல்லது, முழந்தாளிடப்போகிற வயதான ஒருவரின் கைமீது அவருக்கு இருந்த சாதாரண அன்பாகவும் இருக்கலாம். அவரிடமே கேட்டிருக்கலாம் என்று சொல்வீர்கள். கேட்டால் எனக்குப் பிடித்த பதிலைத் தேடிக் கொடுத்துவிடுவார் என்ற தயக்கம். ‘சார்’ என்று அழைக்கிறவரிடம் போய் அவர் மாண்பைப் பற்றி விசாரிப்பதற்கு, அந்த அழைப்பையே முதலில் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

கிறிஸ்தவ நம்பிக்கை இரண்டு செய்திகளை ஒன்றாகச் சொல்கிறது. நீ கடவுளின் சாயல். நீ பாவி, உனக்கு மீட்பு வேண்டும். இரண்டையும் நான் முழு மனதோடு நம்புகிறேன். ஒன்றை விட்டால் மற்றது கெட்டுவிடும் என்றும் நம்புகிறேன். யாரிடம் எதை முதலில் சொல்வது என்பதில்தான் தடுமாறுகிறேன். ஆச்சியிடம் பாவத்தை முதலில் சொல்லியிருக்க வேண்டும், கை குவித்துக் குடித்தவரிடம் சாயலை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது பிரித்துப் பார்க்க முடிகிறது. நாங்கள் இரண்டு பேரிடமும் ஒரே பாடத்தைச் சொன்னோம். ஆனால் ஒவ்வொருவருக்குள்ளும் செம்பைப் பிடித்த கையும் இருக்கிறது, குவித்த கையும் இருக்கிறது. பின்சந்தில் குனிந்தவர் தன் வீட்டுக்குள் யாரைக் குனிய வைத்தாரோ. ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பில் என் முன்னால் உட்காரும் பிள்ளைகளில் யார் நின்றுகொண்டிருக்கிறார், யார் தரையில் கிடக்கிறார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தொடக்க நூலின் முதல் அதிகாரத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவதாக வைத்திருக்கிறேன். அது போதுமா, அதில் வேறு யாரையாவது விட்டுவிடுகிறேனா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. தெளிவாகும் வரை காத்திருக்கவும் முடியாது, பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.